பைத்தான் ஜேசன்: டெசிமல், தேதி, லாட் எல்லாவற்றையும் எழுதிவிட்டு அதே வகையாகத் திரும்பப் படிப்பது எப்படி?

கம்பம்மெட்டு கேட்டது:

வணக்கம். கம்பத்தில் ஓர் ஏலக்காய் வியாபாரிக்குக் கணக்கு புரோகிராம் எழுதிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். மேலே வண்டன்மேடு பக்கம் அவர்களுக்கு ஸ்டோர் இருக்கிறது. பச்சைக்காய் எடை, உலர்த்தி எடுத்த பிறகு எடை, 7 எம்எம், 8 எம்எம் என்று தரம் பிரித்த மூட்டைகள், எல்லாம் அங்கே உள்ள லேப்டாப்பில் ஏறும், சிக்னல் கிடைக்கும்போது ஒரு ஜேசன் (டேட்டாவை எழுத்தாக எழுதி அனுப்பும் வடிவம்) ஃபைலாகக் கீழே வந்து சேரும். அதைப் படித்துத்தான் போடிக்கோ புற்றடிக்கோ ஏலத்துக்குப் போகும் லாட்டுகளை ஆபீசில் பிரிக்கிறோம்.

எடை, விலை இரண்டையும் டெசிமலில் (தசம எண்ணைத் துல்லியமாக வைக்கும் பைத்தான் வகை) வைத்திருக்கிறேன். ஃப்ளோட்டில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 என்று நிற்கும், விவசாயிக்குக் கொடுக்கும் பட்டியலில் அது ஆகாது. ஆனால் ஜேசனாக எழுதும் ஜேசன் டம்ப்ஸ் ஃபங்ஷன் டெசிமலைப் பார்த்ததும் டைப் எரர் கொடுக்கிறது. டிஃபால்ட் என்ற இடத்தில், எதையும் ஸ்ட்ரிங்காக்கும் எஸ்டிஆர் ஃபங்ஷனைக் கொடுத்தால் எழுதிவிடுகிறது, சரி. திரும்ப லோட் செய்தால் எடையும் தேதியும் வெறும் ஸ்ட்ரிங்காக வருகின்றன.

அப்புறம், லாட்டை நேம்டு டியூப்பிளாக (ஃபீல்டுகளுக்குப் பெயர் வைத்த டியூப்பிள்) வைத்திருக்கிறேன். அதற்கென்றே என்கோடரில் தனியாக ஒரு நிபந்தனை எழுதியும் அந்த வரிக்குப் போகவே மாட்டேன் என்கிறது, லாட் வெறும் லிஸ்ட்டாக மாறி ஃபீல்டு பெயர்கள் காணாமல் போகின்றன. இன்னொன்று, தமிழ் மலையாளப் பெயர்கள் எல்லாம் பின்சாய்கோடு, யூ, நான்கு இலக்கம் என்று கோடாக விழுகின்றன, ஃபைலைத் திறந்து கண்ணால் சரிபார்க்க முடியவில்லை. இவை எல்லாவற்றுக்கும் ஒரே வழி இருக்கிறதா, ஒவ்வொன்றுக்கும் தனியா?

போடி_ரயிலடி:

எழுதும் பக்கத்தை முதலில் பார்ப்போம். டிஃபால்ட் என்பது "எனக்குத் தெரியாத வகை வந்தால் என்னைக் கூப்பிடு" என்பதற்குத்தான். டிக்ட், லிஸ்ட், டியூப்பிள், ஸ்ட்ரிங், இன்ட், ஃப்ளோட், ட்ரூ, ஃபால்ஸ், நன் இவை அதற்குத் தெரிந்த வகைகள், இவற்றிலிருந்து பிறந்த கிளாஸ்களும் தெரிந்தவையே. நேம்டு டியூப்பிள் ஒரு டியூப்பிள்தானே, அதனால் உங்களைக் கேட்காமலே லிஸ்ட்டாக எழுதிவிடும். நிபந்தனை தப்பில்லை, அங்கே யாரும் வருவதே இல்லை. இன்ட் ஈனம் (எண்களுக்குப் பெயர் வைக்கும் வகை) வைத்திருந்தாலும் இதே கதை, எண்ணாகத்தான் போகும். லாட்டை டேட்டா கிளாஸாக மாற்றுங்கள், உடனே டிஃபால்ட் கூப்பிடப்படும். அல்லது டம்ப் செய்வதற்கு முன்பே நீங்களே ஆஸ்டிக்ட் போட்டு டிக்டாக்கிக் கொடுங்கள்.

டிஃபால்ட் திருப்பித் தருவது மறுபடியும் என்கோடருக்குள்தான் போகும். அதனால் லாட்டைப் பிரித்து ஒரு டிக்டாகக் கொடுத்தால் போதும், அதற்குள் இருக்கும் டெசிமலுக்கும் தேதிக்கும் அதே ஃபங்ஷன் தானாகவே மறுபடி கூப்பிடப்படும். ஒரே மூச்சில் அடிவரை எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதில்லை.

எஸ்டிஆரை மட்டும் எடுத்துவிடுங்கள், தயவுசெய்து. அது எதையும் மறுக்காது. நாளைக்கு யாராவது ஒரு செட்டையோ டேட்டாபேஸ் கனெக்‌ஷனையோ தெரியாமல் உள்ளே விட்டால் அதையும் ஏதோ ஓர் எழுத்தாக எழுதிவிட்டுப் பேசாமல் இருக்கும், ஃபைல் மலையிலிருந்து கீழே வந்து சேர்ந்த பிறகுதான் தெரியும். உங்களுக்குத் தெரிந்த வகைகளை மட்டும் மாற்றி, மிச்சத்துக்கு டைப் எரர் எழுப்புங்கள். எரர் ஸ்டோரிலேயே வருவதுதான் நல்லது.

பெயர்களுக்கு என்ஷ்யூர் ஆஸ்கி என்பதை ஃபால்ஸ் ஆக்கி, ஃபைலைத் திறக்கும்போது என்கோடிங் யூடிஎஃப்-8 என்று வெளிப்படையாகக் கொடுங்கள். இரண்டாவதை விட்டுவிட்டால் விண்டோஸ் லேப்டாப்பில் தன் சொந்த கோடு பேஜை எடுத்துக்கொண்டு எரர் அடிக்கும். வேறு வேறு சிஸ்டங்களுக்கு இடையே போகும் ஜேசன் யூடிஎஃப்-8-ல்தான் இருக்க வேண்டும் என்று 2017-ல் வந்த ஜேசனுக்கான தர ஆவணம், ஆர்எஃப்சி 8259, சொல்கிறது.

தென்மலை_கணவாய்:

மேலே சொன்னதில் மாற்றுக்கருத்து இல்லை, ஆனால் சிக்கல் படிக்கும் பக்கத்தில்தான் இருக்கிறது, அதைப் பெரும்பாலும் யாரும் யோசிப்பதில்லை. எழுதும்போது பொருள் கையில் இருக்கிறது, அது என்ன வகை என்று பைத்தானுக்கே தெரியும். படிக்கும்போது கையில் இருப்பது எழுத்து மட்டும்.

உடனே எல்லோரும் ஆப்ஜெக்ட் ஹூக்குக்குப் போவார்கள். அது ஒவ்வொரு டிக்டும் படித்து முடிந்ததும், உள்ளே இருப்பது முதலில், வெளியே இருப்பது பிறகு என்ற வரிசையில் கூப்பிடப்படும். அதற்குள் "தேதி மாதிரி இருந்தால் தேதியாக்கு, எண் மாதிரி இருந்தால் டெசிமலாக்கு" என்று எழுதுவதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன், செய்யாதீர்கள். 10-11-12 என்று ஒரு லாட் நம்பர் வந்தால் அது தேதியாகிவிடும். ஏலக்காயின் ஹெச்எஸ்என் (ஜிஎஸ்டிக்கான சரக்குக் குறியீடு) 0908 எண்ணாக மாறினால் முன்னால் உள்ள பூஜ்யம் போய்விடும் (ஜேசனில் 0908 போல எண்ணுக்கு முன்னால் வெறும் பூஜ்யம் வரவே கூடாது, அதனால் அதை எப்போதும் ஸ்ட்ரிங்காகவே வைக்க வேண்டும்). மூட்டையை வெளியே தட்டிப் பார்த்து உள்ளே 8 எம்எம்மா 7 எம்எம்மா என்று யாரும் விலை சொல்ல மாட்டார்கள், சீட்டைப் பார்த்துத்தான் சொல்வார்கள். அதுபோல எந்த ஃபீல்டு என்ன வகை என்பதை நீங்கள்தான் முன்பே சொல்லி வைக்க வேண்டும்.

நான் செய்வது இப்படி: லாட் கிளாஸிலேயே டிக்டிலிருந்து லாட்டை உருவாக்கும் ஒரு கிளாஸ் மெத்தட், அதற்கு எதிராக லாட்டை டிக்டாக்கும் இன்னொன்று, இரண்டும் ஒன்றன் கீழ் ஒன்றாக. எடை என்றால் டெசிமல், தேதி என்றால் ஃப்ரம் ஐஎஸ்ஓ ஃபார்மேட் (வருடம்-மாதம்-நாள் என்ற ஸ்ட்ரிங்கைத் தேதியாக்குவது), அவ்வளவுதான். ஹூக்கே தேவைப்படாது. லாட்டும் ரசீதும் கலந்து வரும் ஃபைல் என்றால் மட்டும் ஒவ்வொன்றிலும் "வகை" என்று ஒரு ஃபீல்டு சேர்த்து, அந்தப் பெயரை நீங்களே எழுதி வைத்த ஒரு டிக்டில் தேடி எந்த கிளாஸ் என்று முடிவு செய்யுங்கள். ஃபைலில் இருக்கும் பெயரை வைத்து எந்த மாட்யூலையும் இம்போர்ட் செய்யும்படி விடாதீர்கள், வெளியிலிருந்து வரும் ஃபைல் உங்கள் மெஷினில் எதை ஓட்டலாம் என்று முடிவு செய்யும் நிலை வந்துவிடும்.

லோட் செய்யும்போது புள்ளி உள்ள எண்ணை என்ன வகையாக்குவது என்று சொல்லும் பார்ஸ் ஃப்ளோட் என்ற இடத்தில் டெசிமலைக் கொடுக்கலாமே என்று யாராவது சொல்வார்கள். நல்ல வசதிதான், ஃப்ளோட்டுக்குப் போகாமல் நேராக எழுத்திலிருந்தே டெசிமலாகும். ஆனால் புள்ளி இல்லாத 25 கிலோ அதற்குள் வராது, இன்டாகவே நிற்கும், ஒரே ஃபீல்டு சில மூட்டைக்கு டெசிமல் சில மூட்டைக்கு இன்ட் என்றாகும். உங்களுக்கு எடையை ஸ்ட்ரிங்காக எழுதுவதே பொருத்தம். 25.500 என்று தராசு காட்டியது 25.500 என்றே திரும்ப வரும், கடைசி பூஜ்யங்கள் கூட மாறாது.

கம்பம்மெட்டு:

மிக்க நன்றி. டேட்டா கிளாஸாக மாற்றியதும் நிபந்தனைக்குள் போகிறது. இரண்டு விஷயம் மிச்சம். ஒரு நாளின் மொத்த எடையைத் தேதியைக் கீயாக வைத்து ஒரு டிக்டில் வைத்திருக்கிறேன், டிஃபால்ட் இருந்தும் எரர் வருகிறது. அடுத்தது, கேரளா பக்கமிருந்து சரக்கு வரும்போது இ-வே பில்லுக்கு (சரக்கு கொண்டுபோக ஜிஎஸ்டி போர்ட்டலில் எடுக்கும் சீட்டு) ஜேசன் எடுக்க வேண்டியிருக்கிறது, அங்கே தேதி நாள்/மாதம்/வருடம் என்று கேட்கிறது, தொகை எண்ணாகவே வேண்டும் என்கிறது. ஸ்ட்ரிங் கொடுத்தால் ஏற்காது. என்கோடரையே மாற்றிவிடவா?

போடி_ரயிலடி:

கீக்களுக்கு டிஃபால்ட் கூப்பிடப்படாது, அது வேல்யூக்களுக்கு மட்டும். இன்ட் கீ கொடுத்தால் எரர் வராது, ஆனால் ஸ்ட்ரிங்காக எழுதப்படும், திரும்பப் படிக்கும்போது 12 என்று தேடினால் கிடைக்காது, மேற்கோளுக்குள் உள்ள 12-தான் இருக்கும். ஸ்கிப் கீஸ் பக்கம் போகாதீர்கள், அது அந்த வரியையே சத்தமில்லாமல் விட்டுவிடும், ஒரு நாள் எடை காணாமல் போகும். தேதியையும் எடையையும் இரண்டு ஃபீல்டாக வைத்து லிஸ்ட்டாக எழுதுங்கள்.

இ-வே பில்லுக்கு வேறு ஃபங்ஷன். உங்கள் சொந்த ஃபைல் ஒரு வடிவம், போர்ட்டலுக்குப் போவது இன்னொரு வடிவம், இரண்டையும் ஒரே என்கோடரில் திணித்தால் ஒன்றுக்காக மாற்றும்போது இன்னொன்று உடையும். கேரளாவுக்கு 32, தமிழ்நாட்டுக்கு 33 என்ற மாநில எண், தேதி வடிவம் எல்லாம் அந்த ஃபங்ஷனுக்குள் மட்டும் இருக்கட்டும். தொகையைக் கூட்டுவது, ரவுண்ட் செய்வது எல்லாம் டெசிமலிலேயே முடித்துவிட்டு, கடைசியில் எழுதும் இடத்தில் மட்டும் ஃப்ளோட் ஆக்குங்கள். இரண்டு தசம இடத்தோடு உள்ள சாதாரணத் தொகைக்கு பைத்தான் அதே எண்ணைத்தான் எழுதும், 1234.50 என்பது 1234.5 ஆகும், மதிப்பு மாறாது. அதுவும் பிடிக்கவில்லை என்றால் சிம்பிள்ஜேசன் லைப்ரரியில் யூஸ் டெசிமல் இருக்கிறது, டெசிமலை மேற்கோள் இல்லாமல் அப்படியே எண்ணாக எழுதும்.

நெடுங்கண்டம்_ஜீப்:

தாமதமாக வந்தாலும் ஒன்று சொல்ல வேண்டும், இந்தப் பக்கம் வேலை செய்கிறவர்களுக்கு இது கட்டாயம் வரும். மலையாளப் பெயர்களை ஜேசனில் வைத்து ஒப்பிடுகிறீர்கள் என்றால் சில்லு எழுத்துகளை (உயிர் சேராமல் தனியாக நிற்கும் மெய்களுக்கான மலையாள வடிவங்கள்) கவனியுங்கள். ராஜன் என்ற பெயரின் கடைசி எழுத்தைப் பழைய முறையில் மெய், சந்திரக்கலை, ஜீரோ விட்த் ஜாய்னர் (திரையில் தெரியாத இணைப்புக் குறி) என்று மூன்று யூனிகோட் கோடாக எழுதுவார்கள். 2008-ல் யூனிகோட் 5.1 அதற்கென்று ஒரே கோடு கொடுத்தது. திரையில் இரண்டும் ஒன்றாகத் தெரியும், ஒப்பிட்டால் வேறு, ஒரே விவசாயிக்கு இரண்டு கணக்கு விழும். என்எஃப்சி (யூனிகோடின் சீராக்கும் முறை) செய்தாலும் இவை ஒன்றாகாது. ண, ன, ர, ல, ள ஐந்துக்கும் நீங்களே மாற்று அட்டவணை எழுத வேண்டும்.

தமிழில் இந்தத் தொல்லை குறைவு. "கொ" என்பதில் கொம்பும் காலும் தனித்தனிக் கோடாக வந்தாலும் என்எஃப்சி அதை ஒன்றாக்கிவிடும். பெயரை வந்தபடியே ஒரு ஃபீல்டில் விட்டுவிட்டு, ஒப்பிடுவதற்கு மட்டும் சீராக்கிய இன்னொரு ஃபீல்டு வைத்துக்கொள்ளுங்கள். எந்த இடத்தில் வேறுபடுகிறது என்று தேடும்போது மட்டும் என்ஷ்யூர் ஆஸ்கியை மறுபடி ட்ரூ ஆக்கிப் பாருங்கள், கண்ணுக்குத் தெரியாத ஜாய்னர் அப்போது நான்கு இலக்கமாக வெளியே வந்துவிடும்.