ஹிமேஜி கோட்டையின் மூன்றாம் தளத்தில்

ஜப்பானில் உள்ள ஹிமேஜி கோட்டைக்கு நானும் என் மகளும் ஓர் ஆகஸ்ட் மாதத்தில் சென்றோம். எனக்கு அப்போது 61 வயது. இரத்த அழுத்தத்துக்காகச் சிறுநீரை அதிகம் பிரியச் செய்யும் மாத்திரையைக் காலையில் வழக்கம்போல் போட்டுக்கொண்டிருந்தேன். ஒசாகாவிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரப் பயணம். நிலையத்தை விட்டு வெளியே வந்ததுமே நேர்ச்சாலையின் கோடியில் கோட்டை வெள்ளை வெளேரென்று தெரிந்தது. பேருந்தில் போகலாம் என்று மகள் சொன்னதைக் கேளாமல், அந்த இருபது நிமிடத் தூரத்தையும் உச்சிவெயிலில் நடந்தே கடந்தேன். வழியில் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

அந்தப் பகுதியை ஆண்ட இகேதா தெருமாசா என்ற பிரபு 1609-இல் கட்டி முடித்த தலைமைக் கோபுரம் அது. மரத்தால் ஆன கட்டடத்தைத் தீயிலிருந்து காப்பதற்காகப் பூசிய சுண்ணாம்புச் சாந்துதான் அந்த வெண்மைக்குக் காரணம். ஆனால் என்னை வியக்க வைத்தது அதற்குப் போகும் பாதை. கோபுரம் கண்ணெதிரே நிற்கும்போதே பாதை திரும்பி அதைவிட்டு விலகிப்போகிறது, வாசல்கள் குறுகுகின்றன, மதிலில் வட்டமாகவும் முக்கோணமாகவும் சதுரமாகவும் வெட்டிய துளைகள், அம்புக்கும் துப்பாக்கிக்குமாக, ஏறி வருபவனைப் பார்த்தபடி இருக்கின்றன. வருகிற எதிரி வழி குழம்பிக் களைத்துப்போக வேண்டும் என்பதற்காகவே அமைத்த வழி அது. பழைய ஜப்பானிய எழுத்துவரிசைப்படி 'ஹா', 'நி' என்று பெயரிட்ட வாசல்களைக் கடக்கும்போதே எனக்குத் தலை வலிக்கத் தொடங்கியிருந்தது. ஆசையாய் அழைத்து வந்திருக்கிறாளே என்று மகளிடம் சொல்லாமல் மறைத்தேன். நான் செய்த பெரிய தவறு அதுதான்.

கோபுரத்துக்குள் செருப்பைக் கழற்றிப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கையிலேயே எடுத்துச் செல்ல வேண்டும். வெளியிலிருந்து ஐந்தடுக்காகத் தெரியும் கோபுரத்துக்கு உள்ளே நிலவறையும் ஆறு தளங்களும் இருக்கின்றன. மாடிப்படிகள் ஏணியைப்போலச் செங்குத்தானவை; ஒரு கையில் பை, மறு கையில் கைப்பிடி. மூன்றாம் தளத்துக்கு ஏறி நின்றபோது உடம்பெல்லாம் வியர்த்துக் குளிர்ந்தது, குமட்டியது, சுவரிலிருந்த ஆயுதத் தாங்கிகள் இரண்டிரண்டாகத் தெரிந்தன. "அப்பா, முகமே வெளுத்துப்போச்சு, அப்படியே உட்காருங்க" என்று மகள் என் தோளைப் பிடித்து அழுத்தினாள்.

நான் சாய்ந்து உட்கார்ந்தது மேற்குப் பெருந்தூணில். நிலவறையிலிருந்து மேல்தளம் வரை கோபுரத்தைத் தாங்கும் இரண்டு தூண்களில் அது ஒன்று. 1956 முதல் 1964 வரை நடந்த பெரும் பழுதுபார்ப்பில் உளுத்துப்போன பழைய தூணை எடுத்துவிட்டு, இரண்டு மரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக இணைத்துப் புதிதாக நிறுத்தினார்கள். படித்து வைத்திருந்த அந்தச் செய்தி, கண்ணை மூடி முதுகை அதில் சாய்த்தபோதுதான் எனக்கு நிஜமானது. மரம் இதமாக இருந்தது. எத்தனையோ காலடிகளால் வழுவழுப்பாகியிருந்த தரைப்பலகையின் குளிர்ச்சி உள்ளங்காலில் ஏறியது. 1945-இல் விமானக் குண்டுவீச்சில் சுற்றிலும் ஊர் எரிந்தபோதும் தப்பி நின்ற கட்டடத்துக்குள், எழுந்து நிற்கத் திராணியில்லாமல் நான் உட்கார்ந்திருந்தேன்.

அங்கிருந்த பெண் ஊழியர் ஒருவர் ஓடிவந்தார். மொழி புரியவில்லை, ஆனால் நனைத்த துணியை என் கழுத்திலும் அக்குளிலும் வைத்து, விசிறியால் வீசி, உப்பு கலந்த பானத்தைச் சிறிது சிறிதாகக் குடிக்கச் செய்தார். நான் தெளிவாகப் பேசுகிறேனா என்று மகளிடம் சைகையால் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டார். அரை மணி நேரத்துக்குப் பின், படியைப் பார்த்தபடி பின்புறமாக, ஏணியில் இறங்குவதுபோல் இறங்கச் சொல்லிக்கொடுத்து, எனக்குக் கீழ்ப்படியில் தாமே நின்று இறக்கிவிட்டார். அந்தப் படிகளில் ஏறுவதைவிட இறங்குவதே ஆபத்தானது என்பதை அப்போது கண்டேன். நடுவில் மயங்கியிருந்தால் எனக்குக் கீழே நின்றவரும் சேர்ந்தல்லவா விழுந்திருப்பார்!

வெப்பத்தினால் வந்த தளர்ச்சி என்றும், காலையில் போட்ட மாத்திரை உடம்பின் நீரை மேலும் குறைத்துவிட்டது என்றும் மாலையில் பார்த்த மருத்துவர் சொன்னார். பேச்சு குழறினாலோ நினைவு தடுமாறினாலோ அது வெப்பத் தாக்கு, ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஜப்பானின் அவசர எண்ணான 119-ஐ அழைத்து ஆம்புலன்ஸ் வரவழைக்க வேண்டும் என்றும் எச்சரித்தார். என்னைப்போல் மாத்திரை சாப்பிடுபவர்கள் வெயில் காலத்தில் பயணம் புறப்படுமுன் தங்கள் மருத்துவரிடம் அதைப் பற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள். தலை வலித்தால் முதல் வாசலிலேயே கூட வருபவரிடம் சொல்லிவிடுங்கள்.

ஆறாம் தளத்தில் ஒசாகாபே தெய்வத்தின் சிறு சன்னதி இருக்கிறது. நீயாவது போய்ப் பார்த்துவிட்டு வா என்று மகளிடம் எவ்வளவோ சொன்னேன். "உங்களை விட்டுட்டு எங்கப்பா போவேன்" என்று சொல்லிவிட்டு, என் செருப்புப் பையையும் தன் கையிலேயே வாங்கிக்கொண்டாள்.