காலையில பட்டன் போட வராத பையன், சாயங்காலம் சைக்கிள்ல எட்டு போடுறான், எப்படி?

கேள்வி:
பையனுக்கு ஏழு வயசு. காலையில எழுந்து அரை மணி நேரத்துக்கு அவன் கை அவன் பேச்சையே கேக்காது, பட்டன ஒரு ஓட்டை தள்ளி மாட்டிட்டு சட்டை ஒரு பக்கம் இறங்கி நிக்கும், டம்ளர தட்டி விடுவான், ஷூ லேஸ் சுத்தமா வராது, நானும் அவசரத்துல கத்திடுறேன். அதே பையன் சாயங்காலம் அஞ்சு மணிக்கு குட்டி குட்டி மணிய நூல்ல கோர்க்கிறான். இது சோம்பேறித்தனமா, இல்ல உடம்புலயே ஏதாவது நேரக் கணக்கு இருக்கா?

பதில் 1:
சோம்பேறித்தனம் இல்லவே இல்லங்க, தயவுசெஞ்சு அப்படி சொல்லி திட்டாதீங்க. நான் குழந்தைங்களுக்கு பிசியோதெரபி பாக்குறேன். மூளையில ஹைப்போதலாமஸ்ல ஒரு கடிகாரம் ஓடுது, தூக்கம், தூக்கத்துக்கு உடம்ப தயார் பண்ற மெலடோனின்ங்கற ஹார்மோன், உடம்பு சூடு எல்லாம் அது சொல்ற நேரத்துக்குதான் ஏறி இறங்கும். சூடு விடியற்காலையில அடிமட்டத்துல இருக்கும், சாயங்காலம் வாக்குல உச்சம், வித்தியாசம் ஒரு டிகிரி செல்சியஸ் கூட வராதுதான், ஆனா தசை சூடேறினா நரம்புல சிக்னல் வேகமா போகும். இது போக தூக்கக் கலக்கம் வேற, கண்ணு முழிச்சாலும் மூளை முழுசா முழிக்க 15, 30 நிமிஷம் ஆகும், சில நாள் ஒரு மணி நேரம் கூட இழுக்கும்.

பதில் 2:
எங்க பொண்ணுக்கு திங்கக்கிழமைதான் ரொம்ப மோசம். சனி ஞாயிறு லேட்டா படுத்து லேட்டா எழுந்தா அந்த கடிகாரம் பின்னாடி தள்ளிப் போயிடுது, அப்புறம் திங்கக்கிழமை ஆறு மணிங்கறது அவ உடம்புக்கு நடுராத்திரி மாதிரி. இப்ப எழுந்ததும் ஜன்னல திறந்து வெளிச்சத்துல உக்கார வைக்கிறேன், விரல் வேலை எல்லாம் கடைசியிலதான். 6 முதல் 12 வயசு வரைக்கும் 9ல இருந்து 12 மணி நேரம் தூக்கம் வேணும், அதுல கை வச்சுட்டு வேற எத செஞ்சாலும் பிரயோஜனம் இல்ல.

பதில் 1:
ஒண்ணு சேர்த்துக்கறேன், காலை சாயங்காலம் ரெண்டு வேளையும் தடுமாறினா, அடிக்கடி விழுந்தா, டாக்டர்கிட்ட காட்டுங்க. நூறு பிள்ளைங்கள்ல அஞ்சாறு பேருக்கு கை கால் அசைவு சேர்ந்து வராத ஒருங்கிணைப்புக் குறைபாடு இருக்கு, அது நேரம் பாத்து வராது. உங்க பையன் சாயங்காலம் மணி கோர்க்கிறான்ல, அதுவே பெரிய ஆறுதல். லேஸ் கட்டுறத அப்பவே பழக்குங்க, காலையில வேண்டாம்.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றிங்க. இன்னிக்கு கத்தல. முகம் கழுவி, வெளிச்சத்துல கொஞ்ச நேரம் ஆடவிட்டு அப்புறம்தான் சட்டைய குடுத்தேன், நாலு பட்டன் நேரா விழுந்துச்சு, காலர் பட்டன் மட்டும் நான் போட்டேன். லீவு நாள்ல எவ்ளோ நேரம் தூங்க விடலாம்?

பதில் 2:
வழக்கமா எழுற நேரத்த விட ஒரு மணி நேரம், அதுக்கு மேல தள்ளாதீங்க.