ஏர் பிஸ்டல்: பெல்லட் எல்லாம் இடது கீழ் மூலையில் விழுது, என்ன பண்ணலாம்?

புதுக்கை: கோவையில ஒரு கிளப்ல 10 மீட்டர் ஏர் பிஸ்டல் பழகுறேன். வலது கை, பிஸ்டல் கிளப்போடது. குறி கார்டு (இலக்கு அட்டை) நடுவுல இருக்கிற கருப்பு வட்டத்துக்குக் கீழ வந்து நிக்கிற நொடியிலதான் ட்ரிகரை இழுக்கிறேன். ஆனா பெல்லட் (ஈயக் குண்டு) ஆறு, ஏழு பாயிண்ட் வளையத்துல, இடது கீழயே விழுது. ரியர் சைட்டைத் (கண்ணுப் பக்கம் இருக்கிற, பள்ளம் வெட்டின குறிப்பானை) திருப்பிடலாமா? கை ஆட்டமும் நிக்க மாட்டேங்குது. சொந்தமா மொரினி கம்பெனி பிஸ்டல் வாங்கினா சரியாகுமா?

ரேஞ்ச்வாசி: தம்பி, சைட்டைத் தொடாதீங்க. 'வந்து நிக்கிற நொடியில இழுக்கிறேன்'னு எழுதியிருக்கீங்களே, கோளாறு அங்கதான். அந்த நொடியை விடக்கூடாதுன்னு விரல் வெடுக்குனு இழுக்குது, கூடவே மத்த விரலும் இறுகுது, பிஸ்டல் மூக்கு இடது கீழ குனியுது.

கை ஆட்டம் யாருக்கும் நிக்காது. பாரிஸ் ஒலிம்பிக்ஸ்ல 2 வெண்கலம் வாங்கின மனு பாக்கருக்கும் ஆடும், அளவுதான் கம்மி. ஆடினா ஆடட்டும். பிஸ்டல் கோணம் மாறாம பக்கவாட்டுல 5 மி.மீ. நகர்ந்தா கார்டுலயும் 5 மி.மீ.தான் விலகும். பத்தோட வட்டம் 11.5 மி.மீ., விளிம்பைத் தொட்டாலே பத்து. ஆனா ஃப்ரண்ட் சைட் (மூக்குப் பக்கக் குறிப்பான்) ரியர் சைட் பள்ளத்துல 1 மி.மீ. சரிஞ்சா? ரெண்டு சைட்டுக்கும் நடுவுல 32 செ.மீ. போலதான் இருக்கும், கார்டு 10 மீட்டர்ல. 30 மி.மீ.க்கு மேல விலகிடும். வளையம் ஒண்ணு 8 மி.மீ., கிட்டத்தட்ட நாலு வளையம் காலி!

அதனால கண்ணு ஃப்ரண்ட் சைட் மேலயே இருக்கணும். கருப்பு மங்கலாத் தெரிஞ்சா நல்லது, தெளிவாத் தெரிஞ்சாதான் தப்பு. கை இறங்கும்போதே ட்ரிகரோட முதல் கட்டத்தை (லேசா இழுபட்டு, ஒரு இடத்துல தடுத்து நிக்கிற வரைக்கும்) எடுத்துடுங்க. மிச்சத்தை, குறி ஆடிட்டு இருக்கும்போதே மெதுவா அழுத்திட்டே போங்க. எப்ப வெடிக்கும்னு உங்களுக்கே தெரியக்கூடாது. பத்து செகண்டுக்குள்ள போகலைன்னா கையை இறக்கிடுங்க. மேட்ச்லயே 60 ஷாட்டுக்கு 75 நிமிஷம் தர்றாங்க, யாரும் துரத்தலை.

இன்னொண்ணு. பாரிஸ்ல பாக்கெட்டுல கை விட்டுட்டே சுட்டு வெள்ளி வாங்கின துருக்கியோட யூசுஃப் டிகேச்சைப் பார்த்துட்டு எங்க ரேஞ்சு பசங்க ஸ்டைலுக்குப் பாக்கெட்டுல கை விடுறாங்க. அது ஸ்டைல் இல்லப்பா. சும்மா தொங்குற கை ஆடினா தோளும் ஆடும், அதான் அடக்கி வைக்கிறது.

மதுரைக்காரி: அண்ணன் சொன்னதை வெள்ளைச் சுவரைப் பார்த்துப் பழகுங்க, பெல்லட் இல்லாம. குறி வைக்க ஒண்ணும் இல்லைன்னா அவசரமும் வராது. பிஸ்டல்ல டிரை ஃபயர் (வெறுமனே ட்ரிகர் இழுத்துப் பழகுற) வசதி இருக்கான்னு கோச்சைக் கேட்டுக்கோங்க. ஸ்பிரிங் பிஸ்டலை வெறுமனே சுட்டா பிஸ்டன் அடிவாங்கும். பெல்லட் இல்லைன்னு தெரிஞ்சாலும் மூக்கு ஆள் பக்கம் திரும்பக்கூடாது.

புதுக்கை: நன்றிண்ணா, நன்றிக்கா. மொரினி?

ரேஞ்ச்வாசி: இப்ப வேண்டாம். கண்ணை மூடிட்டுக் கையைத் தூக்குங்க, அப்புறம் திறந்து பாருங்க. ஃப்ரண்ட் சைட் பள்ளத்துல ஒரு ஓரமா ஒட்டி நின்னா கிரிப் (கைப்பிடி) உங்க கைக்குச் சேரலை. கிளப்ல வேற சைஸ் கிரிப் இருந்தா மாத்தச் சொல்லுங்க. சைட் நடுவுல இருந்து, கை மட்டும் கார்டை விட்டு விலகியிருந்தா நிக்கிற நிலை தப்பு. கையை இழுத்துட்டு வராதீங்க, பின்னங்காலை நகர்த்துங்க.