மெனுவில் ஏழு தலைப்புக்கு மேல் இருக்கக் கூடாதா?

வைகைக்கரை:
டிஎன்பிஎஸ்சி குரூப் 4-க்குப் படிப்பவர்களுக்காக நானும் நண்பரும் ஒரு தளம் நடத்துகிறோம். குறிப்புகள் நிறையச் சேர்ந்துவிட்டன, மெனுவில் இப்போது 14 தலைப்பு. மனித நினைவில் ஏழுதான் நிற்கும், அதனால் ஏழாகக் குறை என்கிறார் நண்பர். குறைத்தால் பாதிக்கு மேல் 'பொது அறிவு' என்ற ஒன்றுக்குள் போய் அமுங்கிவிடுகிறது. இருக்கிற குறிப்பையே "இது இருக்கா?" என்று வாட்ஸ்அப்பில் கேட்கிறார்கள். என்ன செய்யலாம்?

பழையசோறு:
அந்த ஏழு, ஜார்ஜ் மில்லர் என்ற உளவியலாளர் 1956-ல் எழுதிய கட்டுரையிலிருந்து வருவது. கேட்டதை உடனே திருப்பிச் சொல்ல எவ்வளவு முடியும் என்ற மாதிரியான விஷயம் அது, மெனுவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. (2001-ல் நெல்சன் கோவன் அதையும் நாலு வாக்கில் குறைத்துவிட்டார்.) மெனு கண்ணெதிரே திரையில் இருக்கிறது, அதை யார் மனப்பாடம் செய்யப் போகிறார்கள்? 14 இருந்தால் இருக்கட்டும், ஆனால் ஒரே நீளமாக அடுக்காமல் தமிழ், பொது அறிவு, திறனறிவு என்று பிரித்து நடுவில் இடம் விடுங்கள். ஆதார் எண்ணையே நாலு நாலாகத்தானே அச்சடிக்கிறார்கள்.

மழைநாள்:
பிரிப்பது சரி, ஆனால் எப்படிப் பிரிப்பது என்பதை நீங்களே முடிவு செய்யாதீர்கள். தமிழ் 100, பொது அறிவு 75, திறனறிவு 25 கேள்வி என்பது தேர்வாணையத்தின் கணக்கு, படிக்கிறவர் அப்படியா தேடுகிறார்? என் தங்கை 'இந்திய அரசியலமைப்பு' என்று தேடி நான் பார்த்ததில்லை, "பத்தாம் வகுப்பு சமூக அறிவியல்ல வருமே, அது" என்பாள். குறிப்புகளின் பெயரைத் துண்டுச் சீட்டுகளில் எழுதி, படிக்கிற பத்துப் பதினைந்து பேரிடம் தனித்தனியாகக் கொடுத்து, சேர்ந்து போவதைச் சேர்த்து வைக்கச் சொல்லுங்கள், பெயரும் அவர்களே வைக்கட்டும். கார்டு சார்ட்டிங் என்பார்கள். பக்கத்தில் நின்று விளக்கம் மட்டும் கொடுக்காதீர்கள். அந்த வாட்ஸ்அப் கேள்விகளையும் அழிக்காதீர்கள், எந்தச் சொல்லில் கேட்கிறார்கள் என்பது அதில்தான் இருக்கிறது.

வைகைக்கரை:
அப்போ வகுப்பு வாரியாகவும் பாட வாரியாகவும் இரண்டு வழி வைத்தால் குழம்பாதா?

பழையசோறு:
குழம்பாது, இரண்டு வழியும் ஒரே பக்கத்தில் போய் முடியட்டும். குறிப்பை நகலெடுத்து இரண்டு இடத்தில் போட்டால்தான் வம்பு, ஒன்றைத் திருத்திவிட்டு இன்னொன்றை மறந்துவிடுவீர்கள். அப்புறம், 'முக்கியக் குறிப்புகள் பாகம் 3' மாதிரித் தலைப்பு வேண்டாம், போனில் 'முக்கியக் குறி...' என்று வெட்டுப்பட்டு எல்லாம் ஒன்றுபோல் தெரியும். 'எட்டுத்தொகை நூல்கள்' என்று தேடுகிற சொல் முன்னால் நிற்கட்டும்.