கார் கேபின் ஃபில்டர் (ஏசி காத்தை வடிகட்டுறது): எப்போ மாத்தணும், வீட்டிலேயே மாத்தலாமா?

வெள்ளைக்கோடு:
வண்டி 22,000 கி.மீ. ஓடியிருக்கு, வாங்கி ஒன்றரை வருஷம். ஏசி காத்து சில்லுனுதான் வருது, ஆனா அளவு குறைஞ்சுபோச்சு. புளோயரை (காத்தைத் தள்ளுற விசிறி) 4-ல வச்சா முன்னாடி 2-ல வந்த காத்துதான், சத்தம் மட்டும் 4-க்கு உண்டானது. மழையில முன்கண்ணாடி ஆவி கலையவும் நேரமாகுது. ஃபில்டரா, வேற ஏதாவதா? ஃபில்டர்னா கி.மீ. கணக்கா, மாசக் கணக்கா? காத்தடிச்சு மறுபடி போடலாமா? க்ளவ் பாக்ஸுக்குப் பின்னாடிதான் இருக்குன்னு மேனுவல் சொல்லுது, கழட்டுற முறையும் சொன்னா நல்லது.

ஸ்பேனர்செட்:
குளிர்ச்சி இருக்கு, காத்துதான் இல்லைன்னா ஏசி கேஸ் பிரச்சினையா இருக்க வாய்ப்பு குறைவு, பெரும்பாலும் வழியில எங்கேயோ அடைப்பு. உறுதிப்படுத்த ஒரு வழி: ஃபில்டரை வெளியே எடுத்து மூடியைத் திரும்பப் போட்டு, புளோயரை முழு வேகத்துல ஒரு நிமிஷம் ஓட்டுங்க. காத்து பளிச்சுனு கூடினா ஃபில்டர்தான். கூடலைன்னா கூலிங் காயில் (காத்தைக் குளிர வைக்கிற பாகம்) முகத்துல தூசு படிஞ்சிருக்கு, இல்லை புளோயர் தளர்ந்திருக்கு. மத்த வேகங்கள் செத்துப்போய் கடைசி வேகம் மட்டும் வேலை செஞ்சா அது புளோயர் ரெசிஸ்டர் (விசிறி வேகத்தைக் கட்டுப்படுத்துற பாகம்), ஃபில்டர் மாத்தினா சரியாகாது.

சோதனை முடிஞ்சதும் ஃபில்டர் இல்லாம வண்டியை ஓட்டாதீங்க. ஏசி ஓடும்போது காயில் ஈரமா இருக்கும். அதுல தூசு பட்டா சேறாகி இடுக்குல உக்காந்துடும். பல வண்டிகள்ல டேஷ்போர்டைப் பிரிக்காம அதைச் சுத்தம் பண்ண முடியாது. ஃபில்டர் உங்க மூக்குக்கு மட்டும் இல்லை, அந்தக் காயிலுக்கும்தான்.

மேனுவல் கணக்குதான் முதல்ல. பொதுவா 15,000 முதல் 20,000 கி.மீ., இல்லைன்னா ஒரு வருஷம், எது முன்னாடி வருதோ அது. மண் ரோடு, கட்டட வேலை நடக்கிற இடம்னா பாதியிலேயே பார்த்துடணும். வண்டி ஓடாம நின்னாலும் காலக்கணக்கு உண்டு, ஏன்னா உள்ள விழுற இலையும் ஈரமும் கி.மீ. பார்த்து வர்றதில்லை. உங்களுக்கு ரெண்டு கணக்குமே தாண்டியாச்சு.

காத்தாடி:
கழட்டுற முறை, க்ளவ் பாக்ஸ் வகைக்கு:

இக்னிஷனை ஆஃப் பண்ணுங்க. புளோயர் ஓடிக்கிட்டிருந்தா ஃபில்டரை இழுக்கும்போது உதிர்ற குப்பை நேரா விசிறிக்குள்ள போகும். க்ளவ் பாக்ஸைத் திறந்து காலி பண்ணுங்க. ஒரு பக்கத்துல அது மெதுவா இறங்குறதுக்கு ஒரு சின்னக் கை, இல்லைன்னா கயிறு இருக்கும். அதை முதல்ல விடுவிக்கணும். பலபேர் இதை மறந்துட்டு இழுத்துத்தான் ஒடைக்கிறாங்க. அப்புறம் பெட்டியோட ரெண்டு பக்கச் சுவரையும் உள்பக்கமா அமுக்கினா ஸ்டாப்பர் விலகி, பெட்டி முழுசா கீழே தொங்கும். சில வண்டிகள்ல அமுக்குற வகை இல்லை, ஸ்க்ரூ கழட்டணும். அமுங்கலைன்னா பலம் காட்டாம ஸ்க்ரூ தேடுங்க.

பின்னாடி ஒரு நீள்சதுர பிளாஸ்டிக் மூடி தெரியும். பக்கவாட்டுக் கிளிப்பை அமுக்கி எடுங்க. ஃபில்டரை மட்டமா, சாய்க்காம, மெதுவா உருவணும். மேல் பக்கம் இலை, பூச்சி எல்லாம் கிடக்கும், சாய்ச்சா அவ்வளவும் புளோயர்ல கொட்டும். கொட்டினா அடுத்த தடவை ஏசி போடும்போது டிக்டிக்னு சத்தம் கேட்கும். எடுக்குறதுக்கு முன்னாடி ஃபில்டர்ல அம்பு எந்தப் பக்கம் பார்க்குதுன்னு ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கோங்க.

ஃபில்டர் வச்ச கூட்டை வேக்யூம் க்ளீனரால உறிஞ்சுங்க, ஊதாதீங்க. எலி எச்சமோ கூடோ இருந்தா கையுறை, மாஸ்க் போட்டு, கிருமிநாசினி தெளிச்சு நனைச்ச பிறகு துடைச்செடுங்க. காய்ஞ்ச நிலையில கிளறவோ உறிஞ்சவோ கூடாது.

புதுசு உள்ள போகும்போது மடங்கக் கூடாது. ஓரத்துல இருக்கிற நுரைப்பட்டை கூட்டோட நாலு பக்கமும் ஒட்டணும். அளவு 2 மி.மீ. குறைஞ்சாலும் அந்த இடுக்கு வழியா தூசு சுலபமா போகும், ஃபில்டர் பார்க்கப் புதுசாவே இருக்கும். மூடி கிளிப் ரெண்டுமே 'டக்'னு விழுந்துச்சான்னு விரலால தடவிப் பாருங்க. முதல்முறை பொறுமையா செஞ்சாலும் மொத்தம் கால் மணி நேரம்.

சில வண்டிகள்ல ஃபில்டர் வைப்பருக்குக் கீழே இருக்கும், சிலதுல கால் வைக்கிற இடத்துப் பக்கச் சுவர்ல இருக்கும். அதுக்கெல்லாம் இந்த முறை பொருந்தாது.

ரெண்டாம்கியர்:
புதுசு எதுக்கு? காத்தடிச்சா தூசு எல்லாம் பறந்துடும், திரும்பப் போட்டா நல்லாத்தானே ஓடுது?

ஸ்பேனர்செட்:
காத்து நல்லா வரும், அதுலதான் ஏமாற்றமே. அந்த வெள்ளைத் துணி நெய்யப்படாத இழை, பெரும்பாலும் மின்னூட்டம் ஏத்தினது. நுண்தூசு ஓட்டையில சிக்கிறதை விட அந்த மின்னூட்டத்துல ஒட்டுறதுதான் அதிகம். கம்ப்ரஸர் காத்து அடிச்சா இழை விலகி ஓட்டை பெருசாகுது. தண்ணியில கழுவினா மின்னூட்டம் போகுது, மடிப்பு தொய்யுது, உள்ள ஈரம் தங்கினா பூஞ்சை வாசனை வருது. கழுவலாம்னு அதுலயே அச்சடிச்ச வகைக்கு மட்டும் இது விதிவிலக்கு. மேலே கிடக்கிற இலையைத் தட்டிவிடுறது தப்பில்லை, சர்வீஸுக்கு நடுவுல அது போதும்.

நல்லா இருக்கான்னு பார்க்க மேல்பரப்பு நிறத்தை நம்பாதீங்க, அது கொஞ்ச நாள்லயே சாம்பல் ஆகிடும். மடிப்பை விரிச்சு அடிவரைக்கும் பாருங்க. பள்ளம் முழுக்க கறுத்திருந்தா முடிஞ்சது.

நீலவானம்:
கார்பன் ஃபில்டருக்கு அந்தச் சோதனை உதவாது, அது புதுசிலேயே கறுப்பு. கார்பன் புகை நாற்றத்தை உறிஞ்சும், தன் கொள்ளளவு நிறைஞ்சதும் நிறுத்திடும். முன்னாடி போற லாரியோட புகை வாசனை மறுபடி உள்ள வர ஆரம்பிச்சா மாத்துற நேரம். வண்டியோட ஒரிஜினல் சாதா வகையா இருந்து, நீங்க கார்பனோ அதை விட அடர்த்தியானதோ போட்டா காத்து கொஞ்சம் குறையலாம், பழுதுன்னு நினைக்காதீங்க.

ஏசி போட்ட முதல் நிமிஷம் அழுகின சாக்கு வாசனை வந்தா அது பெரும்பாலும் காயில் பூஞ்சை, புது ஃபில்டர் போட்டும் போகாது. வண்டி நிறுத்த அஞ்சு நிமிஷம் முன்னாடி ஏசி பட்டனை ஆஃப் பண்ணிட்டு புளோயரை மட்டும் ஓட விட்டா காயில் காயும். ஃபில்டர் மேலே சென்ட் தெளிக்கிற பழக்கம் மட்டும் வேண்டாம்.

வெள்ளைக்கோடு:
கழட்டிட்டேன். ஃபில்டர் இல்லாம காத்து ரெண்டு மடங்கு வருது, அதனால குற்றவாளி உறுதி. ரெண்டு சந்தேகம். அம்பு மேல் நோக்கி இருக்கு, ஆனா இலையும் தூசும் மேல் பக்கம்தான். இன்னொண்ணு, ஒரு ஓரம் மட்டும் நனைஞ்சு காய்ஞ்ச பழுப்புக் கறை இருக்கு.

காத்தாடி:
தூசு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான் காத்து உள்ள வருது. அம்பு காத்து போற திசையைக் காட்டணும், அதனால உங்களுக்கு அம்பு கீழ் நோக்கி வரணும். முன்னாடி போட்டவர் தலைகீழா போட்டிருக்கார். தலைகீழா போட்டா உடனே ஒண்ணும் ஆகாது, ஆனா பெரிய தூசு நிற்க வேண்டிய தளர்வான அடுக்கு பின்னாடி போய், அடர்த்தியான அடுக்கு முதல்லயே அடைச்சுக்கும். ஃபில்டர் செங்குத்தா நிற்கிற வண்டிகள்ல மேல் கீழ் கணக்கு கிடையாது. அங்கேயும் தூசு படிஞ்ச பக்கத்தைப் பார்த்தே முடிவு பண்ணுங்க.

ஸ்பேனர்செட்:
அந்தக் கறையை விடாதீங்க, மழைத்தண்ணி வந்திருக்கு. பானெட்டைத் திறந்து, வைப்பருக்குக் கீழே இருக்கிற பிளாஸ்டிக் ஜல்லடையோட ரெண்டு மூலையிலயும் இலை மக்கிக் கிடக்கான்னு பாருங்க. கையால வாரிட்டு அரை லிட்டர் தண்ணியை மெதுவா ஊத்துங்க. தரையில உடனே ஒழுகணும், பெரும்பாலும் முன்சக்கரத்துக்குப் பின்னாடி. தேங்கி நின்னா வடிகால் அடைப்பு, வளையக்கூடிய நைலான் குழாயால குத்தி எடுங்க. கம்பி வேண்டாம், வடிகாலோட ரப்பர் வாய் கிழியும். தண்ணி வடியுறது உறுதியான பிறகு புது ஃபில்டரைப் போடுங்க.