ஆஸ்திரேலியக் குடியுரிமை எடுத்தா ஊர்ல என்ன மாறும்? வயல், சாஸ்தா கோயில் வரி, ஓட்டு

கன்னடியன்கால் கேட்டது:

அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம். சிட்னியில நிரந்தரக் குடியிருப்பு உண்டு. குடியுரிமைக்கு மனு போடுற தகுதியும் வந்தாச்சு. பிள்ளைக ரெண்டும் பிறப்பாலேயே அந்நாட்டுக் குடிமக்கள். வீட்டில எடுத்துரலாம்னு சொல்லுதா. ஊர்ல அப்பாவுக்குத்தான் மனசில்ல. "சிங்கம் போட்ட பாஸ்போர்ட்டைத் திருப்பிக் குடுத்துட்டா அப்புறம் நீ இங்க விருந்தாளிதான்"னு சொல்லுதாவ.

சேரன்மகாதேவி பக்கம் ரெண்டு ஏக்கர் நஞ்சை, பட்டா இன்னும் தாத்தா பேர்ல. குடியுரிமை மாறுறதுக்கு முந்தியே அதை என் பேருக்கு செட்டில்மெண்ட் எழுதிட்டா பிரச்சினை இல்லன்னு யாரோ அப்பாகிட்ட சொல்லிருக்காங்க. சரியா? சாஸ்தா கோயில்ல கும்பாபிஷேகம் வருது, திருப்பணிக்கு ஒரு தொகை ஒத்துக்கிட்டாச்சு. அது என்ன ஆகும்? ஓட்டு போயிரும்னு தெரியும், வேற என்னென்ன போகும்?

சட்டம் தெரிஞ்சவங்க சட்டத்தைச் சொல்லுங்க. இது நன்றிகெட்ட வேலைன்னு நினைக்கிறவங்க அதையும் மறைக்காமச் சொல்லுங்க.

பாளைப்பத்திரம் எழுதியது:

வயலை முதல்ல பார்ப்போம். அப்பாகிட்ட யாரோ சொன்னது தப்பு. விவசாய நில விஷயத்துல சட்டம் உங்க பாஸ்போர்ட்டைப் பார்க்கிறதில்ல, எங்க குடியிருக்கீங்கன்னு பார்க்குது. 2019 அந்நியச் செலாவணி விதிகள்படி வெளிநாட்டுல குடியிருக்கிற இந்தியக் குடிமகனுக்கும் ஓசிஐ அட்டைக்காரருக்கும் (வேற நாட்டுக் குடியுரிமை எடுத்த நம்ம ஆளுகளுக்கு இந்திய அரசு குடுக்கிற அட்டை அது) ஒரே சட்டம்தான். விவசாய நிலம், பண்ணை வீடு, தோட்டம் இந்த மூணையும் விலைக்கு வாங்க முடியாது, தானமாவும் வாங்க முடியாது. செட்டில்மெண்ட் தானத்துல சேர்ந்தது. அதனால இன்னைக்கு உங்க கையில இந்திய பாஸ்போர்ட் இருக்கும்போதே எழுதினாலும் அது விதிமீறல்தான். சார்பதிவாளர் அலுவலகத்துல யாரும் கேட்காம பதிவாயிரும், சிக்கல் பின்னால விற்கப் போகும்போது வரும். அபராதம் சம்பந்தப்பட்ட தொகையைப் போல மூணு மடங்கு வரை போகலாம்.

வாரிசா வந்தா தடை இல்ல. உயில் மூலமா வந்தாலும் சரி, உயில் இல்லாம வந்தாலும் சரி, நஞ்சையை வச்சுக்கலாம், குத்தகைக்கு விடலாம். குடியுரிமை மாறின பிறகும் அப்படித்தான். விற்கிறதா இருந்தா மட்டும் இந்தியாவில குடியிருக்கிற இந்தியக் குடிமகனுக்குத்தான் விற்கணும். ஆக, அப்பா எழுத வேண்டியது உயில். ஊர்ல இருக்கிற வீட்டையோ மனையையோ செட்டில்மெண்ட்டா எழுதினா தப்பில்ல, அதுக்குத் தடை கிடையாது.

ஆனா அதுக்கு முந்தி தாத்தா பேர்ல இருக்கிற பட்டாவைப் பாருங்க. தாத்தா உயில் எழுதாமக் காலமாயிருந்து, அது அவரு சுயமா வாங்கின சொத்தா இருந்தா, உங்க அத்தைமாருக்கும் அப்பாவுக்குச் சமமாப் பங்கு உண்டு. மொத்த ரெண்டு ஏக்கருக்கும் அப்பா மட்டும் உயில் எழுதினா அவரு பங்கு அளவுக்குத்தான் செல்லும். நம்ம பக்கம் வெளிநாட்டுக்காரங்க வயல் வழக்குக்குப் போறதுல பாதி இந்த ஒரே காரணத்தாலதான். இறப்புச் சான்றை வச்சு இ-சேவை மையத்துல வாரிசுச் சான்றுக்கு மனு போடுங்க, வட்டாட்சியர் குடுப்பார். அதுல அத்தைமார் பேர் கட்டாயம் வரும், மறைக்கப் பார்க்காதீங்க. அத்தைமாருக்குச் சம்மதம்னா தங்க பங்கை விட்டுக்குடுத்து அப்பாவுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் குடுக்கட்டும். குடும்பத்துக்குள்ள எழுதுறதுக்கு முத்திரைக் கட்டணச் சலுகை இருக்கு. அதுக்கப்புறம் பட்டா மாறுதல். உட்பிரிவு வேண்டாம்னா சீக்கிரம் முடியும், உட்பிரிவு உண்டுன்னா சர்வேயர் வந்து அளக்கணும், அதுலதான் நாள் ஓடும். மாறின பட்டாவையும் அ-பதிவேட்டையும் (கிராமத்து நிலக் கணக்குப் பதிவேடு) வச்சு சர்வே எண், பரப்பு ரெண்டும் பழைய பத்திரத்தோட ஒத்துப்போகுதான்னு பாருங்க. எண்பதுகள்ல நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்க நடந்த யூடிஆர் சர்வேயில விழுந்த பிழை இன்னைக்கும் பல பட்டாவுல அப்படியே கிடக்கு.

அடங்கல்ங்கிற பயிர்க் கணக்கையும் கேட்டு வாங்குங்க. பயிர் வைக்கிறவர் பேர் அதுலதான் ஏறும். குத்தகை ஒழுங்கா அளக்கிற குத்தகைதாரரை 1955 பயிரிடும் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் காப்பாத்துது, அது நியாயமும்கூட. ஆனா கார், பிசானம் ரெண்டு போகத்துக்கும் யார் வைக்காங்க, எத்தனை கோட்டை நெல்லு இல்ல எவ்வளவு ரூபாய்ங்கிறது எழுத்துல இருக்கட்டும், ரசீது இருக்கட்டும். வாய்ப்பேச்சாவே இருபது வருசம் ஓட்டிட்டு அப்புறம் ரெண்டு தரப்பும் மனசொடிஞ்சு நிக்கிறது ரொம்ப வருத்தம்.

சாஸ்தாதாசன் எழுதியது:

கோயில் விஷயத்தைச் சொல்லுதேன். இது பலருக்கும் தெரியாது, தெரியாமலே கோயில் கமிட்டியை மாட்டிவிட்டுருவாங்க.

இந்திய பாஸ்போர்ட் இருக்கிறவரை, எந்த நாட்டுல இருந்தாலும், சொந்தச் சேமிப்புல இருந்து பேங்க் மூலமா நீங்க குடுக்கிற நன்கொடை உள்ளூர் நன்கொடைதான். குடியுரிமை மாறின மறுநாள் அதே ஆள் அதே தொகையைக் குடுத்தா அது வெளிநாட்டு நன்கொடை. ஓசிஐ அட்டை இருந்தாலும் அப்படித்தான், ரூபாயாக் கையில குடுத்தாலும் அப்படித்தான். 2010 வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி அதை வாங்கணும்னா கோயில் டிரஸ்ட் உள்துறை அமைச்சகத்துல பதிவு செஞ்சிருக்கணும், இல்லன்னா முன் அனுமதி வாங்கணும். பணம் முதல்ல வந்து சேர வேண்டியது டெல்லி பாராளுமன்றத் தெருவுல இருக்கிற ஸ்டேட் பேங்க் பிரதானக் கிளைக் கணக்குல. நம்ம பக்கத்துக் குடும்பக் கோயில்கள்ல எத்தனை கமிட்டிகிட்ட இது இருக்கும்? பள்ளிக்கூடப் பழைய மாணவர் சங்கம், சர்ச் அசனம், பள்ளிவாசல் கந்தூரி எல்லாத்துக்கும் இதே சட்டம்தான்.

அதனால ஒத்துக்கிட்ட திருப்பணித் தொகையை, குடியுரிமை உறுதிமொழி எடுக்கிறதுக்கு முந்தியே, உங்க என்ஆர்ஓ கணக்குல (வெளிநாட்டுல குடியிருக்கிறவங்க இந்தியாவுல வச்சிருக்கிற ரூபாய்க் கணக்கு) இருந்து கோயில் கணக்குக்கு அனுப்பி, தேதி போட்ட ரசீது வாங்கிருங்க. திருப்பணி உபயதாரர் கல்வெட்டுல பேருக்குப் பக்கத்துல "ஆஸ்திரேலியா"ன்னு வெட்டுறது வழக்கம். பின்னால யாராவது கேள்வி கேட்டா அந்த ரசீதுத் தேதிதான் கமிட்டியைக் காப்பாத்தும்.

தலைக்கட்டு வரி, அதாவது குடும்பத் தலைவர் கணக்குல கோயிலுக்குக் குடுக்கிற வரி, வேற விஷயம். அப்பா இருக்கிறவரை தலைக்கட்டு அப்பாதான், அவரு தன் பணத்துல குடுக்கிறது அவரு நன்கொடை. வீட்டுச் செலவுக்கு அப்பாவுக்கு நீங்க அனுப்புறதையும் இந்தச் சட்டம் தடுக்கல. உறவினர்கிட்ட இருந்து ஒரு நிதியாண்டுல பத்து லட்சம் ரூபாய் வரைக்கும் தகவல்கூடக் குடுக்க வேண்டாம். அதுக்கு மேல போனா மூணு மாசத்துக்குள்ள அவரு ஆன்லைன்ல எஃப்சி-1 படிவம் போடணும். ஆனா கோயிலுக்குக் குடுக்கன்னே சொல்லி அப்பா கணக்கு வழியாத் திருப்பி விடாதீங்க, அது சட்டத்தைச் சுத்திப் போற வேலை, வயசான மனுசனைச் சிக்கல்ல விடும்.

சாமி கும்பிட, பொங்கல் வைக்க, படையல்ல உக்கார எந்தக் குடியுரிமையும் வேண்டாம். பங்குனி உத்திரத்தன்னைக்கு நம்ம சாஸ்தா கோயில்கள்ல பம்பாயில இருந்து வர்றவங்களும் சிங்கப்பூர்ல இருந்து வர்றவங்களும் ஒரே பந்தியிலதான் சாப்பிடுதாங்க. "எந்தத் தலைக்கட்டு?"ன்னு ஒரு கேள்விதான் அங்க. அப்பாகிட்ட இதைச் சொல்லுங்க.

வல்லநாட்டான் எழுதியது:

மறைக்காமச் சொல்லச் சொன்னீங்க, சொல்லுதேன். என்னைக் கேட்டா எடுக்க வேண்டாம்.

ஓட்டு போயிரும்னு ஒரு வரியில தாண்டிப் போயிட்டீங்க. அது சின்ன விஷயம் இல்ல. வெளிநாட்டுல இருக்கிற இந்தியக் குடிமகன் படிவம் 6ஏ போட்டு, பாஸ்போர்ட்ல இருக்கிற ஊர் முகவரிக்கான பட்டியல்லயே பேரைச் சேர்த்துக்கலாம். 2011ல இருந்து இந்த வசதி இருக்கு. வாக்காளர் அட்டை தரமாட்டாங்க, தேர்தல் அன்னைக்கு அசல் பாஸ்போர்ட்டோட வாக்குச்சாவடிக்கு நேர்ல வரணும். தபால் ஓட்டு கிடையாது, ஆள் வச்சுப் போடவும் முடியாது. அதனாலதான் பதிவு செய்றவங்களும் குறைவு. ஆனா ஆத்து மணலுக்கும் கால்வாய்த் தண்ணிக்கும் யார்கிட்ட கேள்வி கேட்கணுமோ அவங்களைத் தேர்ந்தெடுக்கிற உரிமை அது. 1908 மார்ச்சில வ.உ.சி. கைதானதுக்காகத் திருநெல்வேலியில கடையடைச்சுத் தெருவுல இறங்கித் துப்பாக்கிச் சூட்டுல செத்தவங்களுக்கு அந்த உரிமை இல்ல. அவங்க கேட்டதே அதைத்தான்.

இன்னொண்ணும் நினைச்சுப் பாருங்க. 1964 அக்டோபர்ல சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டு மலையகத் தமிழர்ல 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்குன்னு பிரிச்சாங்க. அந்த மக்கள்ல ஒருத்தரையும் கேட்கல. பிறந்த தேயிலைத் தோட்டத்தை விட்டுட்டு, இந்தியக் குடிமகன்னு காகிதத்தோட தலைமன்னார்ல கப்பல் ஏறி, பார்த்தே இராத ஊர்ல வந்து இறங்கினாங்க. ரொம்பப் பேருக்குக் கடைசிவரை சொந்த நாடுன்னா அந்த மலைதான். ஒரு குடியுரிமை இன்னொருத்தன் கையெழுத்துல போனதோட வலி அது. உங்களுக்கு உங்க கையெழுத்துலயே போகப் போகுது. நிரந்தரக் குடியிருப்பை வச்சே அங்க வேலை பார்க்கலாம், பிள்ளைகளைப் படிக்க வைக்கலாம். தேவை என்னன்னு ஒரு தடவை உக்காந்து யோசிங்க. எடுத்தா நன்றிகெட்டவன்னு நான் சொல்லமாட்டேன். யோசிக்காம எடுத்தா மனசு பின்னால கேட்கும்.

தாமிரபரணி அக்கா எழுதியது:

வல்லநாட்டான் தம்பி சொன்னதை மதிக்கேன். ஆனா நிரந்தரக் குடியிருப்பை மட்டும் வச்சுக்கிட்டு, வெளியே போயிட்டுத் திரும்பி வர அஞ்சு வருசத்துக்கு ஒருக்கா மீள்வரவு விசாவைப் புதுப்பிச்சு, இத்தனை நாள் அந்நாட்டுல இருந்தேன்னு கணக்குக் காட்ட வேண்டிய நிலையில, அப்பா அம்மாவுக்கு உடம்பு முடியலன்னா ஆறு மாசம் ஊர்ல வந்து தங்க மனசு துணியாது. குடியுரிமை எடுத்து ஓசிஐ வாங்கினவங்க எத்தனை நாள் வேணும்னாலும் ஊர்ல இருக்கலாம், காவல்துறையில பதிவு செய்யவும் வேண்டாம். ஊரோட பக்கத்துல இருக்கவே சிலபேர் எடுக்கிறாங்க. அதையும் அப்பா தெரிஞ்சுக்கட்டும்.

நடைமுறையைச் சொல்லிருதேன். உறுதிமொழி எடுக்கிற அந்த நாள்லயே 1955 குடியுரிமைச் சட்டம் 9ஆம் பிரிவுப்படி இந்தியக் குடியுரிமை தானா முடிஞ்சு போகும், நீங்க எழுதிக் குடுக்க வேண்டியதில்ல. அதுக்கப்புறம் இந்திய பாஸ்போர்ட்ல பயணம் செஞ்சா குற்றம். ஆஸ்திரேலிய பாஸ்போர்ட் வாங்கணும், பழைய பாஸ்போர்ட்டை ஒப்படைச்சு ஒப்படைப்புச் சான்று வாங்கணும், அதை வச்சுத்தான் ஓசிஐ மனு. வெளிநாட்டுல இருந்து போட்டா கட்டணம் 275 அமெரிக்க டாலருக்குச் சமமான தொகை. போட்டோ சதுரமா, வெளிர் நிறப் பின்னணியில இருக்கணும், வெள்ளைப் பின்னணி ஆகாது. கையெழுத்துப் படம் உயரத்தைப் போல மூணு மடங்கு அகலம்.

மனு திரும்பி வர்றதுக்கு நம்ம ஆளுகளுக்குப் பெரிய காரணம் பேர். இனிஷியலை விரிச்சு அப்பா பேரை ஒரு இடத்துல முன்னாலயும் இன்னொரு இடத்துல பின்னாலயும் எழுதிருப்பாங்க. குடியுரிமைச் சான்றுல பேர் அச்சாகிறதுக்கு முந்தியே, பழைய பாஸ்போர்ட், பிள்ளைக பிறப்புச் சான்று, கல்யாணச் சான்று மூணுலயும் ஒரே மாதிரி இருக்கான்னு பாருங்க.

உறுதிமொழிக்கும் ஓசிஐ கையில வர்றதுக்கும் நடுவுல வாரக்கணக்காகும், மாசக்கணக்காவும் போகும். அந்த நேரம் ஊர்ல ஒரு கெட்டது நடந்தா விசா இல்லாம வர முடியாது. அதனால ஆஸ்திரேலிய பாஸ்போர்ட் வந்த அன்னைக்கே இ-விசாவுக்குப் போட்டு வச்சிருங்க.

பிள்ளைக படிப்பையும் கவனிங்க. 2021 மார்ச் 4ஆம் தேதி அறிவிப்புக்கு அப்புறம் ஓசிஐ வாங்குற பிள்ளைக மருத்துவம், பொறியியல் அகில இந்திய நுழைவுத் தேர்வுகள்ல என்ஆர்ஐ இடம், கூடுதல் இடம் ரெண்டுக்குத்தான் போட்டி போடலாம்.

திரும்பி வர வழியும் இருக்கு. அஞ்சு வருசம் ஓசிஐ அட்டைக்காரரா இருந்து, அதுல மனு போடுறதுக்கு முந்தின ஒரு வருசம் இந்தியாவுலயே குடியிருந்தா, 5ஆம் பிரிவுல இந்தியக் குடியுரிமைக்குப் பதிவு கேட்கலாம். அப்போ அந்த நாட்டுக் குடியுரிமையை விடணும்.

கன்னடியன்கால் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. வல்லநாட்டான் அண்ணாச்சி சொன்னதை அப்படியே அப்பாவுக்கு வாசிச்சுக் காட்டப் போறேன், அக்கா சொன்னதையும். எடுக்கிறதா முடிவானா எதை முதல்ல செய்யணும்?

பாளைப்பத்திரம் எழுதியது:

முதல்ல வாரிசுச் சான்று, அத்தைமார் விடுதலைப் பத்திரம், பட்டா மாறுதல். அது முடிஞ்சதும் அப்பா உயில். பதிவு கட்டாயம் இல்ல, ஆனாலும் சார்பதிவாளர்கிட்ட பதிவு பண்ணிருங்க. அப்பாவைவிட வயசு குறைஞ்ச ரெண்டு சாட்சி போடுங்க, நீங்களோ வீட்டுக்காரியோ சாட்சியா நிக்காதீங்க. அடுத்தது திருப்பணித் தொகையும் ரசீதும். பங்குனி உத்திரத்துக்கு இந்திய பாஸ்போர்ட்லயே வந்துட்டுப் போங்க. உறுதிமொழித் தேதி அதுக்குப் பிறகு வர்ற மாதிரி மனுவைக் கணக்குப் பண்ணிப் போடுங்க. வயலைக் கவனிக்க யாருக்காவது பவர் குடுக்கிறதா இருந்தா அந்தப் பயணத்துலயே இங்க நேர்ல எழுதிப் பதிவு பண்ணிருங்க. சர்வே எண் போட்டு, குத்தகை வாங்க, தீர்வை கட்ட மட்டும்னு எழுதுங்க, விற்கிற அதிகாரம் வேண்டாம். சிட்னியில இருந்து எழுதினா தூதரகச் சான்றொப்பம் வாங்கணும், பத்திரம் இங்க வந்து சேர்ந்த மூணு மாசத்துக்குள்ள முத்திரை ஏத்தணும். அந்தக் கெடு தப்பினாப் பத்திரத்துக்குத் தண்டம் கட்ட வேண்டி வரும்.