"தேவர்களில் உமக்கு ஒப்பானவர் யார்?" – அப்படியானால் வேறு தேவர்கள் உண்டா?

கேள்வி:
மோசேயின் பாட்டில் "கர்த்தாவே, தேவர்களில் உமக்கு ஒப்பானவர் யார்?" (யாத். 15:11) என்று வருகிறது. ஏசாயா 45:5 "வேறொருவர் இல்லை" என்கிறது. வேதபாட வகுப்பில் இரண்டையும் எப்படிச் சேர்த்து விளக்குவது?

பதில் 1:
சகோதரரே, எபிரெயத்தில் "பா-ஏலிம்". 'ஏல்' (தேவன்) என்பதன் பன்மை. "தேவர்களில்" என்ற மொழிபெயர்ப்பு சரியே, மழுப்ப வேண்டாம். "ஒப்பானவர் யார்" என்பது நிகரில்லை என்கிறது. மற்றவை இருக்கின்றனவா என்ற பேச்சையே எடுக்கவில்லை. பல தெய்வங்களை வணங்கிய அசீரியரும் பிள்ளைகளுக்கு "மன்னு-கி-அதாத்", அதாவது "அதாதைப் (புயல் தெய்வம்) போல் யார்" என்று பெயர் வைத்தார்கள். மிகாவேல், மீகா என்ற பெயர்களும் அதே வார்ப்புதான். ஆகவே இந்த ஒரு வசனத்தை வைத்து ஏகதெய்வக் கொள்கையை நிறுவப் போனால் வகுப்பில் மாட்டிக்கொள்வீர்கள்.

சங்கீதம் 29:1, 89:6 இரண்டையும் கூடவே வாசிக்கச் சொல்லுங்கள். நம் பழைய தமிழ் வேதாகமம் "பலவான்களின் புத்திரர்" என்று போடும் இடத்தில் மூலத்தில் இருப்பது "பெனே ஏலிம்", அதே 'ஏலிம்'. தமிழில் மட்டும் படிப்பவருக்கு இந்தத் தொடர்பு தெரியவே தெரியாது.

பதில் 2:
ஏசாயாவிலும் கவனம் தேவை. "என்னைத் தவிர ஒருவரும் இல்லை" என்று பாபிலோனும் (ஏசா. 47:8) நினிவேயும் (செப். 2:15) பெருமை பேசுகின்றன. உலகத்தில் வேறு பட்டணமே கிடையாது என்றா நினிவே சொன்னது? சொற்றொடரை விட்டு வாதத்தைக் காட்டுங்கள்: 41:21-24-இல் வருங்காரியத்தை அறிவிக்கும்படி தேவர்களுக்குச் சவால், 44:14-17-இல் ஒரே மரத்தில் பாதி அடுப்புக்கு, மீதி விக்கிரகத்துக்கு. மறுப்பின் பலம் அங்கேதான் இருக்கிறது.

பதில் 3:
ஆராதனையில் இரண்டும் அருகருகே நிற்கின்றன. யூதர்களின் காலை, மாலை ஜெபங்களில் "கர்த்தர் ஒருவரே" என்ற ஷெமா (உபா. 6:4) முதலில், அதையடுத்து வரும் மீட்பின் ஸ்தோத்திரத்துக்குள் "உமக்கு ஒப்பானவர் யார்".

தோரா (மோசேயின் ஐந்து ஆகமங்கள்) சுருளில் ஷெமாவின் 'எகாத்' (ஒருவர்) என்ற சொல்லின் கடைசி எழுத்து தாலேத்தைப் பெரிதாக எழுதுவார்கள். தாலேத்தின் மூலை மழுங்கினால் ரேஷ் என்ற வேறு எழுத்து ஆகிவிடும். சொல் 'அகேர்', அதாவது 'வேறொருவர்' ஆகிவிடும். யாத். 34:14-இல் "அந்நிய தேவனை" என்ற இடத்தில் இதற்கு நேர்மாறாக ரேஷ் பெரிதாக இருக்கும். வகுப்பில் இரண்டு எழுத்தையும் பலகையில் எழுதிக் காட்டுங்கள்.